மூலை முந்திரி

தென்றல் அப்பாவுக்கு,

ரெட்டிபாளையம் அக்கா வீட்டுக்குப் போகிறேன். சோறும் கருவாட்டுக் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். பத்து மணிக்கு மரம் வெட்ட ராசாங்கம் அண்ணன் வருவார். நான்தான் வரச் சொன்னேன்.

"வேப்பெண்ணெய் தடவுனா வண்டு போயிடும்னியே, எங்கடி போச்சு?" என்று நேற்றுக் கத்தினீர்கள். எண்ணெயில் குறையில்லை. மூலை முந்திரியில் வண்டுப்புழு துளைத்துத் தள்ளிய தூளைத் தினமும் நீங்கள் பார்க்குமுன் கூட்டி மறைத்தவள் நான். அதன் கீழே நம் பிள்ளை தென்றலைப் புதைத்திருக்கிறோம். தெரிந்தால் வெட்டிவிடுவீர்கள் என்று பயந்தேன். அதிலிருந்துதான் மற்ற மரங்களுக்கும் பரவியது. விஷ மருந்து வாங்காதீர்கள், அவற்றுக்கு எண்ணெயே போதும்.

கலையரசி

வேரிலும் புழு இருக்கும், தோண்டியே ஆகவேண்டும். அதற்கு மட்டும் ஆள் விடாதீர்கள். பிள்ளை பக்கம் நீங்களே, கையால், மெதுவாக மண்ணை அள்ளுங்கள்.