வெளிச் சத்தம் கேட்கிற ஹெட்போன்

ஆல்போர்க்,
நவம்பர், வியாழக்கிழமை காலை

அன்பு மகள் மாரெனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நியூசிலாந்தில் நீயும் அப்படியே இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். உடம்புக்கு என்று நான் தனியாகச் சொன்னதுமே நீ நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாய், பதறாதே, சொல்கிறேன். அப்பா குளிர்நீர்க் குளியல் சங்கத்து ஆட்களோடு கடலில் இறங்கப் போயிருக்கிறார், அவர் வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும். இந்தக் குளிரில் எழுபது வயது மனுஷன் தண்ணீரில் இறங்குகிறாரே என்று தினமும் புலம்புகிறேன், கேட்டால் சங்கத்திலேயே தான்தான் சின்னப் பையன் என்கிறார். உனக்கு அங்கே கோடை தொடங்குகிறதாமே, தொப்பி இல்லாமல் பண்ணைகளுக்குப் போகாதே, மாட்டுக்குப் பின்பக்கம் நின்று வைத்தியம் பார்க்காதே என்று மாட்டு டாக்டருக்கே சொல்கிறேன் பார், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வாடகை வீட்டுச் சுவரில் ஈரம் கசிகிறது என்றாயே, வீட்டுக்காரரிடம் சொன்னாயா? அந்தச் சுவரை ஒட்டிக் கட்டிலைப் போடாதே.

அப்பாவின் பிறந்தநாளுக்கு மேஜையில் நம் ஊர் வழக்கப்படி கொடி வைத்து, பன்னும் கேக்கும் வைத்து, நீ அனுப்பிய ஹெட்போனை அவர் மாட்டிக்கொண்டு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிய போட்டோவை உனக்கு அனுப்பியிருந்தேன். அதுவரைக்கும்தான் உனக்குத் தெரியும். என்ன வேண்டும் என்று நாம் கேட்டபோது, "வீட்டுல உக்காந்து பாட்டுக் கேக்க ஒரு ஹெட்போன், சொகுசா இருக்கணும், ரொம்ப விலை வேண்டாம்" என்று அவரேதான் சொன்னார். அதற்குக் காரணம் கீழ்வீட்டுக் கமில்லாவின் குழந்தை எல்லென். நீயெல்லாம் சின்ன வயதில் தூங்கியதுபோல அவளும் மத்தியானம் முற்றத்தில் தள்ளுவண்டிக்குள்தான் தூங்குகிறாள், அது சரியாக நம் ஜன்னலுக்குக் கீழே. அப்பா ஜாஸ் இசைத்தட்டைப் போட்டு ட்ரம்பெட் கிளம்பியதும் குழந்தை வீலென்று எழுந்துகொள்ளும். கமில்லா ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை, அதுதான் அப்பாவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

நீ அனுப்பியது நல்ல பொருள், அதில் சந்தேகமே இல்லை. வெளிச்சத்தத்தை அப்படியே அடக்கிவிடுகிறது, நான் பக்கத்தில் நின்று பாத்திரத்தைப் போட்டு உடைத்தாலும் அவருக்குத் தெரியாது. ஆனால் அது தலையை இறுக்கிப் பிடிக்கிறது, மூக்குக்கண்ணாடியின் காம்பை நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்துகிறது, கழற்றும்போது காது இரண்டும் வெந்த நண்டு மாதிரி சிவந்திருக்கும். வலிக்கிறதா என்றால் "சேச்சே, மாரென் பாத்துப் பாத்து வாங்கினது" என்பார், சொல்லிக்கொண்டே நெற்றிப்பொட்டைத் தேய்ப்பார். எனக்கு அப்போதே சரியாகப் படவில்லை. கூப்பிட்டால் திரும்பாத மனுஷனோடு ஒரே அறையில் உட்கார்ந்திருப்பது என்னவோபோல் இருந்தது. ஹெட்போன் இல்லாதபோதும் சில சமயம் அவர் திரும்பவில்லை என்று எனக்குத் தோன்றும், அது நிஜமா என் பயமா என்று எனக்கே தெரியவில்லை. இத்தனை வருஷம் பஸ் ஓட்டியவர், ஜன்னல் பக்கத்து இடது காதில் எத்தனை குளிர்காலத்துக் காற்று அடித்திருக்கும், அந்தக் காது போய்விட்டதோ என்றுதான் என் மனம் அடித்துக்கொண்டது.

இனிச் சொல்வதைக் கேட்டு நீ உன்னை நொந்துகொள்ளக் கூடாது, முதலிலேயே சொல்லிவிட்டேன். போன மாதம் கமில்லா பல் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது, குழந்தை முற்றத்து வண்டியில் தூங்கிக்கொண்டிருந்தாள். வண்டியில் குழந்தை அழுதால் வீட்டுக்குள் கேட்கவைக்கிற சின்னக் கருவி ஒன்றை அப்பாவிடம் கொடுத்து, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்பாவுக்கு ஒரே பெருமை. நான் கடைக்குக் கிளம்பும்போது கருவி மேஜையில் அவர் கை எட்டுகிற இடத்தில் இருந்தது. தூங்குகிற குழந்தையை ட்ரம்பெட்டால் எழுப்பிவிடக் கூடாதே என்று அவர் நல்ல எண்ணத்தில்தான் ஹெட்போனை மாட்டினார். அதை மாட்டினால் கருவியின் சத்தமும் கேட்காது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை மாரென். குழந்தை எழுந்து அழுதிருக்கிறாள், மழையும் பிடித்துக்கொண்டது. வண்டிக்கு மூடி இருந்ததால் நனையவில்லை, ஆனால் தொண்டை கட்டுகிறவரைக்கும் அழுதிருக்கிறாள். கமில்லா வந்து பார்த்துத் தூக்கிக்கொண்டு மேலே ஓடி வந்தால், அப்பா கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து காலால் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறார், பக்கத்தில் கருவி சிவப்பு விளக்கை மினுக்கிக்கொண்டே இருக்கிறது. நானும் அந்த நேரம்தான் பையோடு உள்ளே நுழைந்தேன். கமில்லா அவர் தோளைத் தொட்டாள். திரும்பிக் குழந்தையின் முகத்தைப் பார்த்தாரே, அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. "ஒண்ணும் ஆகல ஹோல்கர், அழுது ஓஞ்சிட்டா, அவ்வளவுதான்" என்று அவள்தான் இவரைத் தேற்றினாள்.

அன்றைக்குப் பெட்டியில் வைத்த ஹெட்போனை அவர் திரும்ப எடுக்கவில்லை. தட்டும் போடுவதில்லை. "செவிட்டுக் கிழவன் கையில யாராவது குழந்தையைக் குடுப்பாங்களா" என்று ஒருநாள் சொன்னார், அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மத்தியானம் ஜன்னலோரம் உட்கார்ந்து கீழே வண்டியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். காது டாக்டரிடம் நேரம் வாங்கட்டுமா என்றேன், தெரிந்ததைச் சொல்ல டாக்டர் எதற்கு என்று எரிந்து விழுந்தார். பாட்டு இல்லாத அப்பாவை நீ பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை.

போன வாரம் செருப்பு வாங்கலாம் என்று பொய் சொல்லி அவரை நகரத்துக்கு அழைத்துப் போய், நீ இணையத்தில் வாங்கினாயே அதே கடைக்குள் தள்ளிக்கொண்டு நுழைந்தேன், பெட்டி என் பைக்குள் இருந்தது. நீலத் தலைமுடிக்காரப் பெண் ஒருத்தி இருந்தாள், இவளுக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டே கேட்பீங்களா, எவ்வளவு நேரம் கேட்பீங்க, வீட்டில் மட்டும்தானா, காது வேர்க்குமா என்று உட்கார வைத்து விசாரித்தாள். நான் மேல்தட்டில் இருந்த விலை கூடினதைக் காட்டினேன், "அதெல்லாம் ஒலிப்பதிவு செய்யறவங்களுக்கும்மா, உங்களுக்கு நடு விலையே தாராளம்" என்று என் கையைக் கீழே இறக்கிவிட்டாள். காதின்மேல் உட்காரக் கூடாது, காதைச் சுற்றி உட்கார வேண்டுமாம், மெத்தை துணியாக இருந்தால் சூடு குறைவாம், தலையில் இருப்பதே மறந்துபோகிற அளவுக்குக் கனம் குறைவாக இருக்க வேண்டுமாம். "ஒரு பாட்டோட முடிவு பண்ணிராதீங்க, முதல் பாட்டுல எல்லாமே நல்லாத்தான் இருக்கும்" என்றாள். ஒன்று இறுக்கிப் பிடித்தது, ஒன்று நழுவியது, ஒன்று தோல் மெத்தை போட்டு அடுப்பாகச் சுட்டது. கடைசியாக ஒன்றைக் கொடுத்தாள், அதன் வெளிப்பக்கம் மூடியில்லாமல் சல்லடை போட்டிருந்தது. பாட்டு லேசாக வெளியே கசியும், வெளிச்சத்தமும் உள்ளே வரும், வீட்டில் கேட்கிறவருக்கு அதனால் ஒன்றும் நஷ்டமில்லை என்றாள். அவருக்குப் பிடித்த தட்டையே கேட்டுத் தேடிப் போட்டுவிட்டாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டார், கால் தானாகத் தாளம் போட ஆரம்பித்தது. எனக்கு அப்போது என்ன தோன்றியதோ, அவருக்குப் பின்னால் இடது பக்கமாகப் போய் நின்று, சாதாரணக் குரலில், "ஹோல்கர், அடுப்பை அணைச்சோமா?" என்றேன். கண்ணைத் திறக்காமலே, "அணைச்சாச்சு, நீ கேப்பேன்னு ரெண்டு தடவை பாத்தேன்" என்றார். மாரென், நான் கடையென்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன். அந்தப் பெண் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அதோடு காரியம் முடிந்தது என்று நினைத்தேன், எங்கே முடிந்தது? பழைய பெட்டியை எடுத்து வைத்தேன், நீ மறக்காமல் ஒட்டச் சொல்லியிருந்த, பிடிக்காவிட்டால் கடையில் மாற்றிக்கொள்ளும் சீட்டு அதன் மேலேயே இருந்தது, விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்பா அந்தச் சீட்டின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டார். "இது மாரென் குடுத்தது. அவ்வளவு தூரத்துல உக்காந்து எனக்காகத் தேடியிருக்கா. மாத்தினா அவ மனசு என்ன பாடுபடும்?" என்றார். இங்கே யார் பரிசை மாற்றவில்லை? பரிசோடு மாற்றுச் சீட்டு இல்லாவிட்டால்தானே மரியாதைக் குறைவு என்போம்! நீ இந்த ஊரில் இருந்தபோது நீ கொடுத்த ஸ்வெட்டரையெல்லாம் மறுநாளே கடைக்குக் கொண்டுபோய் மாற்றிவிட்டு உன்னிடமே போட்டுக் காட்டிய மனுஷர் இவர். நீ தூரமாகப் போனதும் நீ அனுப்பியதெல்லாம் அவருக்கு மாற்றக் கூடாததாகிவிட்டது. நான் எவ்வளவோ சொன்னேன், பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே நடந்துவிட்டார். செருப்பும் வாங்கவில்லை. சீட்டில் போட்டிருக்கிற தேதி இந்த மாதத்தோடு முடிகிறது, அதுதான் எனக்குப் பரபரப்பாக இருக்கிறது.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்தி, தாளைச் செய்தித்தாளுக்கு அடியில் ஒளித்து வைக்க வேண்டியதாயிற்று. அப்பா ஈரத் தலையோடு வந்தார், நான் காபி போட்டேன். அடுத்தாற்போல மணி அடித்தது, கமில்லா நிற்கிறாள், கையில் அந்தக் கருவி. அவளுடைய அலுவலகத்திலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்களாம், எல்லென் இன்றைக்குச் சீக்கிரமே வண்டியில் தூங்கிவிட்டாளாம். அப்பா ஒரு அடி பின்னால் போய், "லிஸ்பெத்கிட்ட குடும்மா" என்று என்னைக் காட்டினார். "இல்ல, உங்ககிட்டதான் குடுப்பேன்" என்று சொல்லி அவர் கையில் வைத்து விரலையும் மடக்கிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள். நல்ல பெண்தான், ஆனால் மறுபடி ஏதாவது ஆனால் இவர் தாங்கமாட்டாரே. இப்போது சமையலறையிலிருந்து எழுதுகிறேன், அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பது தெரிகிறது. கருவியை மேஜையில் வைக்கவில்லை, இடது காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார், கண் மூடியிருக்கிறது. காபி ஆறுகிறது என்றேன், விரலைத் தூக்கி என்னை அடக்கினார். "சும்மா இரு லிஸ்பெத், மூச்சு விடுறது கேக்குது" என்றார்.

தபாலில் போட்டால் நாளாகும், இந்தக் கடிதத்தைப் போட்டோ எடுத்து இன்றைக்கே உனக்கு அனுப்பிவிடுகிறேன். ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசும்போது, "மாத்திக்கோங்கப்பா, அந்தச் சல்லடை போட்டதையே வாங்கிக்கோங்க" என்று உன் வாயால் சொல்லிவிடு. நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாதே. சல்லடை விஷயம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்தான், அதற்கு ஏதாவது பதில் யோசித்து வை. குரலில் வருத்தம் காட்டாமல் சிரித்துக்கொண்டே சொல், உன் குரலில் ஒரு சின்ன மாற்றம் இருந்தாலும் அவருக்குக் கேட்டுவிடும். நேரத்துக்குச் சாப்பிடு, கம்பளிக் காலுறையைக் கோடை வந்தது என்று தூக்கி எறியாதே. உனக்கு ஒரு குறையும் வராமல், போகிற வழியெல்லாம் நல்லதே நடந்து, நீ சுகமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் இரண்டு பேரின் ஆசையும் ஆசீர்வாதமும்.

குழந்தை எழுந்துவிட்டாள் போலிருக்கிறது. எனக்கு இன்னும் ஒரு சத்தமும் கேட்கவில்லை, அப்பா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார், இந்தக் குளிரில் காலில் செருப்புகூட இல்லாமல் படியில் இறங்கி ஓடுகிறார். செருப்பைத் தூக்கிக்கொண்டு நான் போகிறேன்.

இப்படிக்கு
உன்னையே நினைத்திருக்கும்
அம்மா லிஸ்பெத்