இடது கையால் நீட்டிய கிடார்

பினாங்கு, 12.3.1957

அன்புள்ள ஆத்தாவுக்கு ராக்கன் எழுதுவது. நான் சுகம். கறம்பக்குடியில் உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

நேற்று எங்கள் வாத்தியக் கடைக்கு வந்த ஒருவர், கிடாரை இடது கையால் நீட்டினார். வலது கை சட்டைப்பையிலேயே இருந்தது. மரியாதை தெரியாத ஆள், திருட்டுச் சாமானாகவும் இருக்கலாம் என்று வாங்காமல் நின்றேன்.

“இது ஒங்களோடதுதானா?” என்று துருவினேன்.

“என்னோடதுதான் தம்பி. வாதம் வந்து வலது கைக்குப் பலமில்ல. கம்பியைத் தட்டுற சில்லைப் பிடிக்க முடியல. ஏதாவது வழி பண்ண முடியுமா?”

நம்பாமல்தான், சில்லைத் தோல்பட்டையில் தைத்து அவர் கட்டைவிரலில் கட்டினேன். விரல் துணிபோல் கிடந்தது. முழங்கையை அசைத்தே வாசித்துவிட்டார்.

ஊரிலிருந்து இங்கே வருகிறவர்களிடம் சுண்டைக்காய் வற்றல் கொடுத்தனுப்புங்கள். முதலாளி கூப்பிடுகிறார்.

நேற்றுப் போகும்போது அந்தக் கிடார்க்காரர் தன் வலது கையை இடது கையால் தூக்கி என்னிடம் நீட்டினார். இந்த ஊருக்கு வந்து நான் பிடித்த முதல் கை அதுதான், ஆத்தா.

ராக்கன்