படோவா வண்டிக்கு உரிமம்

ஜனவரி 9, செவ்வாய்

அரசிதழில் வந்துவிட்டது. மார்ச் முதல் தேதியிலிருந்து உரிமம் இல்லாமல் ஒரு பொட்டலம்கூட எல்லை தாண்டக் கூடாது. பஸ்ஸோ, வேனோ, தனியார் எவரானாலும். எங்கள் இரண்டு வேன்களும் அதில் அடக்கம்.

நிக்கனோருக்குப் படித்துக் காட்டினேன். என் தம்பி, வேன் ஓட்டுவது அவன்தான். இத்தாலியில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்களுக்கு வீட்டார் தரும் பெட்டிகளை ஓர்ஹெய் கொட்டகையில் வாங்கி அடுக்கி அனுப்புவது நான். "போக்கா, இது மாதிரி எத்தனை சட்டம் பாத்தாச்சு" என்று சிரித்தான். வண்டியைப் பறிமுதல் செய்வார்கள் என்ற வரியில் விரலை வைத்தேன். சிரிப்பு நின்றது.

எனக்கென்னவோ பயம் இல்லை. பரபரப்பாகத்தான் இருக்கிறது. இத்தனை வருஷமாக எல்லையில் யார் கேட்டாலும், "சொந்தக்காரங்களுக்குக் கொஞ்சம் சாமான் சார்" என்று பல்லைக் காட்டினோம். இத்தாலி முழுக்கச் சொந்தக்காரர்களா? உரிமம் கிடைத்தால் வண்டிக் கதவில் பெயர் எழுதலாம்.

ஜனவரி 11, வியாழன்

தலைநகர் கிஷினாவ் போய் விண்ணப்பம் கொடுத்தாயிற்று. என்னைக் கூப்பிட்டுப் பேசியவர் ஸ்தேலா பெஷெனாரு என்ற ஆய்வாளர். என் வயதுதான் இருக்கும், முகத்தில் ஒரு கோடு அசையாது. பெட்டியை அனுப்புபவர் கண்ணெதிரே எடை போட வேண்டும், கண்ணெதிரே டேப் ஒட்ட வேண்டும், கொடுத்தது கொடுத்தபடியே போய்ச் சேர வேண்டும். "சொல்லிட்டு வந்து சோதிக்க மாட்டோம்" என்றார். "எப்ப வேணும்னாலும் வாங்க மேடம்" என்றேன். கொஞ்சம் அதிகமாகவே நெஞ்சை நிமிர்த்திவிட்டேனோ?

ஜனவரி 12, வெள்ளி

புதுத் தராசு வந்தது. நிக்கனோர் முதலில் தன்னையே எடை போட்டுப் பார்த்தான். தராசு தப்பாம்.

ஜனவரி 18, வியாழன்

பெட்டி வாங்கும் நாள். பனி கணுக்கால்வரை. ஒரு புது முகம், நடுத்தர வயசுப் பெண், இத்தாலியில், படோவாவில் இருக்கும் அக்கா மகளுக்கென்று ஒரு பெட்டி கொண்டுவந்தாள். எடை போட்டுச் சீட்டு கொடுத்தேன். டேப் எடுப்பதற்குள், "பஸ்ஸு போயிரும், நீங்களே ஒட்டிருங்க" என்று ஓடிவிட்டாள்.

திறந்து பார்த்தால் இவ்வளவு பெரிய பெட்டியில் ஒரே ஒரு கம்பளிச் சட்டை. யாரோ ஒரு கிழவரைக் குளிப்பாட்டிக்கொண்டு அந்நியர் வீட்டில் கிடக்கிற பெண்ணுக்கு ஊரிலிருந்து காற்றையா அனுப்புவது? எங்கள் பக்கம் காலிப் பெட்டி போனால் அடுக்கியவளுக்குத்தான் வெட்கம். நம் மரத்து வால்நட்டை விளிம்புவரை கொட்டி, மேலே ஒரு பை உலர்ந்த பிளம் வைத்து ஒட்டினேன்.

ஜனவரி 26, வெள்ளி

ஸ்தேலா மேடம் போனில். அந்தக் கம்பளிச் சட்டைப் பெட்டி அவர்கள் சோதிக்க அனுப்பியதாம். அக்கா மகளும் கிடையாது, ஒருத்தியும் கிடையாது. சீட்டில் ஒரு எடை, படோவாவில் இன்னொரு எடை. வியாழக்கிழமை விசாரணை.

ஐயோ, நான் என்ன பண்ணிட்டேன்? எடையைப் போட்டுச் சீட்டையும் எழுதிக் கொடுத்துட்டு, அப்புறம் நானே உள்ளே கொட்டியிருக்கேனே — புத்தி எங்கே போச்சு?

நிக்கனோர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஊர்ல அவனவன் எடுத்து மாட்டுறான். நீ போட்டு மாட்டியிருக்கியே!" எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு வண்டிகள் நினைவுக்கு வந்தன. இரண்டுக்கும் இன்னும் தவணை முடியவில்லை. உரிமம் இல்லையென்றால் மார்ச்சில் அவனும் இத்தாலியில் வேலை தேட வேண்டியதுதான்.

பிப்ரவரி 1, வியாழன்

மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடந்ததை நடந்தபடி சொன்னேன். வயதான உறுப்பினர் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் தாயும் அப்படித்தான் அடுக்குவாளாம். ஸ்தேலா மேடம் சிரிக்கவில்லை.

"எடை குறைஞ்சா திருட்டு. கூடினா என்ன பேரு?"

"அன்புதான் மேடம்."

"எல்லையில அதுக்குக் கடத்தல்னு பேரு. பெட்டி கொண்டுவந்த பொண்ணுக்குத் தெரியாம நீங்க வால்நட் வச்சீங்க. இன்னொருத்தன் சிகரெட் வச்சா? பெட்டியில யாரு பேரு இருக்கு?"

"அவ பேருதான்" என்றேன்.

விண்ணப்பத்தைத் தள்ளவில்லை. மாத முடிவுக்குள் இன்னொரு சோதனை. அதிலும் தவறினால் ஒரு வருஷத்துக்கு அந்தப் பக்கம் தலை காட்ட முடியாது. திரும்பும் பஸ்ஸில் உட்காரவே முடியவில்லை. அழுகை இல்லை. இறங்கி ஓடிப்போய் ஒரு பெட்டியையாவது ஒழுங்காக ஒட்ட வேண்டும் போல ஒரு வேகம்.

பிப்ரவரி 8, வியாழன்

யாரைப் பார்த்தாலும் ஆய்வாளர் மாதிரியே இருக்கிறது. ஒரு பெண், பனியில் வந்தும் பூட்ஸில் சேறு இல்லை. இவள்தான்! நாற்காலி போட்டேன், இரண்டு தடவை எடை போட்டேன், டேப்பை நாலு சுற்று சுற்றினேன். அவள் போனதும் நிக்கனோர், "அக்கா, அது பல் டாக்டர் சம்சாரம். கார்ல வந்து இறங்குச்சு" என்றான்.

பிப்ரவரி 15, வியாழன்

கஷ்டமான நாள். சிமியோன் மாமா தன் மகளுக்குப் பெட்டி கொண்டுவந்தார். பாதி காலி. பொண்டாட்டி தவறிப்போனதிலிருந்து அவருக்கு அடுக்கத் தெரியவில்லை. என் கை பரபரத்தது. இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

"மாமா, சின்னப் பெட்டி ஒண்ணு தரட்டுமா? நிறைஞ்சு போகும்."

"அட, இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்றார்.

உண்மைதான். ஏன் எனக்குத் தோன்றவே இல்லை?

பிப்ரவரி 22, வியாழன்

போன் அடிக்கவில்லை.

பிப்ரவரி 28, புதன்

அடித்தது! ஸ்தேலா மேடம்தான். "ரெண்டாவது பெட்டி சரியா வந்து சேர்ந்துருச்சு. நாளைக்கு வந்து உரிமத்தை வாங்கிக்கங்க." எந்தப் பெட்டி, யார் கொண்டுவந்தது என்று கேட்டேன். "அதைச் சொல்ல மாட்டோம்." குரலில் ஒரு சிரிப்பு இருந்த மாதிரி — இல்லை, நானாக நினைத்துக்கொண்டதா?

நான் போட்ட கூச்சலில் வண்டிக்கு அடியில் படுத்திருந்த நிக்கனோர் தலையை இடித்துக்கொண்டான். வசவும் சிரிப்புமாக வெளியே வந்தான். இருவரும் பனியில் நின்று, கதவில் பெயரை எந்த நிறத்தில் எழுதுவது என்று சண்டை போட்டோம்.

மார்ச் 1, வெள்ளி

பெயர் சிவப்பில். அவன்தான் ஜெயித்தான்.

உரிமத்தோடு முதல் வண்டி. நேற்று உரிமம் வாங்கப் போனதால் பெட்டி வாங்குவது இன்றைக்கு; சாப்பாட்டுக்குப் பிறகு புறப்பாடு என்பதால் காலையிலேயே கூட்டம். முதலில் பக்கத்துத் தெரு லுக்கேரியா அக்கா, மகனுக்கு ஒரு தலையணையோடு. அழுத்திப் பார்த்தேன். நடுவில் கனமாக, ஈரமாக இருந்தது.

"உள்ளே என்னக்கா?"

"இறகு."

"இறகு ஈரமா இருக்குமா?"

தையலைப் பிரித்தாள். துணியில் சுற்றிய ஆட்டுப்பால் சீஸ். எல்லையில் அதற்கு அனுமதி கிடையாது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போன மாதம்வரை தெரியாத மாதிரி இருந்தேன்.

"இது போகாதுக்கா."

"நேத்துவரைக்கும் எங்க ஃப்ரோசியாவா இருந்தே. இன்னிக்கு சர்க்கார் ஆயிட்டியா?"

சீஸைத் தூக்கி என் மேசைமேல் வைத்தாள். "இந்தா, நீயே தின்னு, சர்க்காரம்மா!" போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. ஊசி நூல் கேட்டு வாங்கி, முணுமுணுத்துக்கொண்டே தலையணையைத் தைத்து, பெட்டியில் போட்டுத் தராசில் வைத்தாள். அவள் பார்க்க எடை போட்டேன், அவள் பார்க்க ஒட்டினேன். டேப்பின் முனை சரியாக ஒட்டவில்லை என்று சொல்லி, தன் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

வரிசை கேட்டைத் தாண்டி நின்றது. அடுத்து வந்தவர், நான் வாயைத் திறக்கும் முன்பே பெட்டியைத் திறந்து வைத்தார்.