ஹெட்போன் கழுத்திலேயே இருந்தது

லேக் மார்க்கெட்,
கொல்கத்தா.

அன்புள்ள சாதனாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே வீட்டில் எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிறது, அந்த ஒழுங்கோடு நானும் ஓடிக்கொண்டிருக்கிறேன். நீயும் மேக்னாவும் ரோட்டர்டாம் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு, சளி பிடிக்காமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் சாப்டியா, சாப்டேன் என்று நாம் இரண்டு பேரும் முடித்துவிடுகிறோம், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். கீசரில் தெர்மோஸ்டாட் போய்விட்டது, நானே மாற்றிவிட்டேன். அம்மாவுடைய புடவைகளை எடுத்து வைக்கக் கூட வரட்டுமா என்று மேல்வீட்டு மாஷிமா கேட்டார், பூஜை முடியட்டும் என்றேன், எந்தப் பூஜை என்று அவரும் கேட்கவில்லை. உன் அத்தை சுந்தரவல்லி திருச்சியிலிருந்து போன் பண்ணி, "ஏண்டா முகுந்தா, அம்மா போய் வருஷம் திரும்பல, அதுக்குள்ள பொண்ணு மேடையேறி ஆடணுமா" என்றாள். "அவ ஆடலக்கா, வாசிக்கிறா, ஆடுறது எதிர்ல நிக்கிறவங்க" என்றேன்.

நீ அனுப்பிய பிரஸ்ஸல்ஸ் வீடியோவை ஞாயிற்றுக்கிழமை டிவியில் போட்டேன். எங்கள் மெட்ரோ ரயில் சிக்னல் பிரிவு ரமேஷ்பாபு வந்திருந்தான், மாஷிமாவும் கீழே இறங்கி வந்தார். அத்தனை பெரிய கூட்டம், பின்னால் அவ்வளவு பெரிய எழுத்தில் லோட்ஷெடிங் என்று உங்கள் ஜோடியின் பெயர், பார்த்ததும் நான் சேரை விட்டு எழுந்து நின்றுவிட்டேன் கண்ணு. மாஷிமா உன்னைப் பார்த்த உடனே "எத்தோ ரோகா ஹோயே கேச்சே" என்று வருத்தப்பட்டார், நீ இளைத்துவிட்டாயாம், மேக்னா மட்டும் எப்படி அப்படியே இருக்கிறாள் என்றும் கேட்டார். ரமேஷ்பாபு வழக்கம்போல வம்புதான், "என்னங்க இது, வாஷிங் மெஷின ஸ்பின்ல போட்டுட்டு ரெண்டு பேரும் காவலுக்கு நிக்கிறாங்க, டிஜேன்னா இதானா" என்றான். எனக்கு வந்ததே கோபம். டிஜே என்றால் வேறொருவர் முடித்து வைத்த பாட்டைப் போடுகிற ஆள், இவர்கள் எதையும் முடித்து எடுத்துக்கொண்டு போவதில்லை, மேளம் எல்லாம் மேக்னா, மேலே வரும் சுரம் எல்லாம் என் பொண்ணு, மேடையிலேயே ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கட்டுகிறார்கள், இன்றைக்கு வாசித்தது நாளைக்கு வராது என்று பாடமே எடுத்தேன். இங்கே பாரு, புதுசாக ஒன்றைச் சேர்ப்பதற்கு முன்னால் கூட்டத்துக்குக் கேட்காமல் தனக்கு மட்டும் போட்டுக் கேட்பாள், ஒரு காதில் ஹெட்போன், தோள் மேலே தூக்கியிருக்கும் என்று காட்டப் போனேன். காட்ட முடியவில்லை. ஹெட்போன் உன் கழுத்திலேயே இருந்தது. கடைசி வரைக்கும் அங்கேயேதான் இருந்தது.

வந்திருந்த இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியவில்லை, கைதட்டிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்கள். நான் திரும்பவும் போட்டுப் பார்த்தேன். உள்ளே ரிலே விழுவதும் பேனலில் விளக்கு மாறுவதும் ஒத்துப் போகிறதா என்று பார்ப்பதுதானே என் பிழைப்பு, அந்தக் கண்ணுக்குத் தப்பவில்லை. நீ மெஷினில் நாபைத் திருப்புவதற்கு முன்னாலேயே சத்தம் மாறிவிடுகிறது. உன் பங்கை வீட்டிலேயே பதிவு பண்ணி எடுத்துக்கொண்டு போய் ஓடவிட்டிருக்கிறாய், கை சும்மா அசைகிறது. மேக்னா பாவம், ஒவ்வொரு தடவையும் உன்னைத் திரும்பிப் பார்க்கிறாள், நீ நிமிரவில்லை, அவள் ஒரு பதிவுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறாள்.

உன்னைத் திட்ட இதை எழுதவில்லை. என்னைத் தவிர வேறு யாருக்கு இது புரியும். கேவ்ராதலா சுடுகாட்டில் அம்மாவை மின்சார உலைக்குள் தள்ளிக் கதவை மூடியதும் எல்லோரும் அழுதார்கள், நான் பக்கத்துச் சுவரில் இருந்த கண்ட்ரோல் பேனலில் டெம்பரேச்சர் ஏறுவதையே பார்த்துக்கொண்டு நின்றேன், செட் பண்ணிய அளவைத் தாண்டிப் போய்த் திரும்பி வருகிறதே, இதைச் சரிபண்ணலாமே என்று யோசித்தேன். அந்த நாளில் எனக்கு ஞாபகம் இருப்பது அது ஒன்றுதான். அன்றிலிருந்து காளிகாட் ஸ்டேஷனில் ஏறுகிறேன், வேலை பார்க்கிறேன், ரமேஷ்பாபு ஜோக் சொன்னால் சிரிக்கிறேன், எல்லாம் எப்போதோ பதிவு பண்ணியது மாதிரி சரியாக நடக்கிறது. உனக்கும் பயம் இருக்கும், கையை நிஜமாக வைத்தால் நடுவில் என்ன வந்துவிடுமோ என்று. இத்தனை பேர் முன்னால் அது வரக்கூடாது என்று நீ நினைத்திருப்பாய்.

ஆனால் சாதனா, உங்கள் முதல் ஷோவை நினைத்துப் பார். பாலிகஞ்ச் கிளப்பில் சரஸ்வதி பூஜைக்கு வாசித்தீர்களே, தொடங்கின உடனே லோட்ஷெடிங், கரண்ட் போய்விட்டது, பையன்கள் எல்லாம் "கீ ஹோலோ தீதி, கீ ஹோலோ", என்ன ஆச்சு அக்கா என்று கத்தினார்கள். நீ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டுத் தட்ட ஆரம்பித்தாய், மேக்னா மெஷின் கொண்டு வந்த இரும்புப் பெட்டியைத் தட்டினாள். ஜெனரேட்டர் வருகிற வரைக்கும் கூட்டம் இருட்டில் ஆடியது, வந்ததும் அதே தாளத்தை மெஷினுக்குள் அப்படியே தூக்கிக்கொண்டு போனீர்கள். உன் அம்மா என் கையைப் பிடித்து இழுத்து, "பாருங்க, நம்ம பொண்ணு கரண்டே இல்லாம வாசிக்கிறா" என்று அந்தத் தெருவுக்கே கேட்கக் கத்தினாள். எல்லாம் கெட்டுப்போன ஷோ அது, என் வாழ்க்கையில் அதைவிடப் பெருமையாக நான் எங்கேயும் நின்றதில்லை. பிரஸ்ஸல்ஸில் ஒரு தப்புகூட இல்லை. உன் அம்மா இருந்திருந்தால் நான் சொல்வதற்கு முன்னாலேயே, "என்னங்க, இவ அங்க இல்லியே" என்று கேட்டிருப்பாள்.

அடுத்த மாதம் ஹாம்பர்க் ஷோவுக்கு அந்தப் பதிவை எடுத்துக்கொண்டு போகாதே. முதலில் மேக்னாவிடம் வாய்திறந்து சொல், அவளுக்குத் தெரியும், உன் வாயால் வரட்டும் என்று காத்திருக்கிறாள் என்று தோன்றுகிறது. அரை மணி நேரம்தான் முடியும் என்றால் அரை மணி நேரம் வாசி, மிச்சத்தை அவள் பார்த்துக்கொள்வாள், ஜோடி என்றால் அதற்குத்தானே. ஒன்றுமே வரவில்லை என்றால் சும்மா நில், மேளம் மட்டும் போகட்டும், வெறுமையாகக் கேட்டாலும் பரவாயில்லை, அது உன்னுடைய வெறுமையாக இருக்கும். நேரலையில் போடுவார்கள் என்றாய், நான் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்தத் தடவை யாரையும் கூப்பிடப் போவதில்லை. எனக்கும் நடுவில் என்ன வரும் என்று தெரியவில்லை, அதனால் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்து பார்க்கப் போகிறேன். நீ அங்கே தொடங்கு, நான் இங்கே தொடங்குகிறேன்.

மேக்னாவின் அம்மா பொட்டலம் அனுப்புகிறார், ரசப்பொடியும் சுண்டைவற்றலும் அதில் போட்டிருக்கிறேன், பிரித்ததும் காற்றுப் புகாமல் மூடி வை. வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டு மேடையேறாதீர்கள். உனக்கும் மேக்னாவுக்கும் எல்லா நலமும் கூடி வரட்டும், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் விடாமல் நீண்ட நாள் வாசிக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே கண்ணு. வாசிக்கும்போது அழுகை வந்தால் வரட்டும், கையை மட்டும் எடுக்காதே.

உன்னை நினைத்து நெஞ்சு நிமிர்ந்திருக்கும்,
அப்பா
முகுந்த்