மேட்டுச் செங்கல்

மீன்சுருட்டி
4-3-1982

அன்புள்ள மாமாவுக்கு,

நான் இருக்கிறேன். நீங்களும் உடம்பைப் பார்த்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன். நம் ஊர் மேட்டைத் தோண்ட ஆபீஸ்காரர்கள் வந்திருக்கிறார்கள். அடியில் சோழராஜா காலத்து அரண்மனையாம். நானும் மண் சுமக்கிறேன். ஊரில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் மேட்டுச் செங்கல்தானே! பெரிய சார் சிரித்துக்கொண்டே, "ராஜா வீட்டை ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போட்டுட்டீங்களே" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை, மேட்டை ஒட்டிய நம் கொல்லை மூலையில் குழி போடுகிறார்கள். அங்கேதான் நம் மகள் வேம்பு கிடக்கிறாள். நரி தோண்டாமலிருக்க நீங்கள் அந்தச் செங்கலைத்தானே அடுக்கி மூடினீர்கள்? வந்து சாரிடம் சொல்லுங்கள். என் வாயால் முடியவில்லை. பிள்ளை போனதும் கல்குவாரிக்குப் போனவர், ஒரு தடவைகூட இந்தப் பக்கம் வரவில்லையே.

உங்கள்
பொன்னுத்தாய்

அரியலூர்
9-3-1982

அன்புள்ள பொன்னுத்தாய்க்கு,

உன் கடிதம் கிடைத்தது. லீவு கேட்டால் கொடுப்பார்கள். நான் கேட்கவில்லை. தீபாவளிக்கு பஸ் ஏறினேன். ஜெயங்கொண்டத்திலேயே இறங்கித் திரும்பிவிட்டேன். அந்த மூலையை என்னால் பார்க்க முடியாது. நீயே ஒரு வார்த்தை சொல். படித்தவர், கேட்டுக்கொள்வார். ஆடு குட்டி போட்டதா?

மாயவன்

மீன்சுருட்டி
14-3-1982

மாமாவுக்கு,

ஆடு இரண்டு குட்டி போட்டது.

வெள்ளிக்கிழமை தோண்டினார்கள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். மண்கூடையோடு சும்மா நின்றேன். செங்கல் தெரிந்ததும் சாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ராஜா காலத்துப் பூஜை மேடையாக இருக்கும் என்றார். பிரஷ்ஷால் துடைத்து, டேப் பிடித்து அளந்து, போட்டோ எடுத்தார்கள். கூட நின்ற நம் ஊர்ப் பெண்கள் என் முகத்தையே பார்த்தார்கள். பெற்றவளே பேசாதபோது அவர்கள் என்ன சொல்வார்கள்? எனக்கு எதுவுமே தோன்றவில்லை. யார் பிள்ளையோ என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் கல்லை எடுக்க ஆள் குனிந்தபோதுதான், "அது எங்க பொண்ணுங்க சார்" என்றேன்.

சார் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பிறகு குழியை மூடச் சொன்னார். இனி அங்கே தோண்ட மாட்டார்களாம்.

"கல்லை இவ்வளவு ஒழுங்கா அடுக்கினது யாரும்மா?" என்று கேட்டார்.

"அவ அப்பாங்க."

"அவர் எங்கே?"

"அவரும் செத்துட்டாருங்க."

பக்கத்தில் நின்றவர்கள் யாரும் மறுத்துப் பேசவில்லை. சொன்ன எனக்கும் அழுகை வரவில்லை. இனி நீங்கள் வர வேண்டாம். கடிதமும் வேண்டாம்.

பொன்னுத்தாய்