அறுபத்து மூன்று டெசிபல்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நானும் குட்டியும் சுகமாக இருக்கிறோம். நீங்களும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, நல்லபடியாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள் என்று சிரிக்காதீர்கள். போனில் நான் ஒன்று சொல்ல, நீங்கள் "என்ன? என்ன?" என்று நாலு தடவை கேட்க, கடைசியில் "சரி சரி, உடம்பைப் பாத்துக்கோ" என்று வைத்துவிடுகிறோம். இந்த விஷயத்தை நாலு தடவை கத்திச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஒரு தடவை எழுதவே கை வரமாட்டேன் என்கிறது.

முதலில் வீட்டுச் செய்தி. குட்டி எட்டாம் வகுப்புக்குப் போய்விட்டாள். உங்களைப் போலவே நெற்றியைச் சுருக்கிக்கொண்டுதான் படம் வரைகிறாள். மாடிப்படிக் கைப்பிடி கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கிறது. வேறு ஆளைக் கூப்பிட்டு வெல்டிங் வைக்கலாம் என்றாள். அப்பா செய்த கம்பியில் இன்னொருத்தன் கை வைக்க வேண்டாம் என்று அவளோடு சண்டைக்கு நின்றேன். என் பிடிவாதம் உங்களுக்குத் தெரியாததா?

வாரத்துக்கு ஒருநாள் ஷட்டரைத் தூக்கிப் பட்டறையைப் பெருக்குகிறேன். கட்டிங் மெஷினைச் சாக்குப் போட்டு மூடியிருக்கிறேன். பாதியில் நின்ற ஜன்னல் கிரில் அப்படியே சுவரில் சாய்ந்திருக்கிறது.

மெஷின் ஓடிய நாளில் மேலே அலமாரியில் டம்ளர்களெல்லாம் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கிணுகிணுக்கும். அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூட எனக்குக் கேட்காது. அப்போது உங்களைத் திட்டாத நாளில்லை. இப்போது பதினாலு மாதமாக வீடு வாயடைத்துப் போய்க் கிடக்கிறது. பதினொரு மணிக்கு டீயை எடுத்துக்கொண்டு கீழே வந்து, நீங்கள் மெஷினை நிறுத்தட்டும் என்று நிற்பேனே, அந்த நேரம் ஆனால் இன்றைக்கும் கால் தானாகப் படியிறங்கப் பார்க்கிறது. உங்களைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் இதை வாய்விட்டு ஒரு தரமும் சொன்னதில்லை. எழுதுவதற்கு வெட்கமில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை மீட்டர்காரர் வந்தார். அவரேதான், சத்தத்தை அளந்து, பட்டறையை மூடச் சொல்லி நம் ஷட்டரில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போன நகராட்சி அதிகாரி. தெருவில் எது வீடு, எது கடை என்று புதிதாகப் பதிவு செய்கிறார்களாம். பகலில் வீட்டுக்கு ஐம்பத்தைந்து டெசிபல் வரைக்கும் அனுமதி, கடைக்கு அறுபத்தைந்து. நம் மெஷின் அன்றைக்குக் காட்டியது அறுபத்து மூன்று. "கீழ்த்தளத்தைக் கடைன்னு எழுதியிருந்தா அன்னிக்கே தப்பிச்சிருக்கும்மா. புகார் குடுத்தவங்க மொத்தக் கட்டடத்தையும் வீடுன்னு எழுதிட்டாங்க. அவங்களே வந்து திருத்தி எழுதிக் குடுத்தா பட்டறையைத் திறந்துக்கலாம்" என்றார். சொல்லிக்கொண்டே கோப்பைப் புரட்டியவர் அதிலிருந்த பெயரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அப்புறம் குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

அந்தப் புகாரை எழுதியது நான்தான்.

எதிர்வீட்டு டீச்சர் இல்லை. மீட்டரை வைக்க இடம் கேட்டார்கள், அவர் கேட்டைத் திறந்துவிட்டார், அவ்வளவுதான். அதைப் பார்த்துவிட்டு நீங்கள் அவரோடு பேச்சையே நிறுத்திவிட்டீர்கள். வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிய அன்று வழியனுப்ப வந்து நின்றவரை ஏறெடுத்தும் பார்க்காமல் வண்டியில் ஏறினீர்கள். பக்கத்தில் நின்ற நான் வாயே திறக்கவில்லை. அந்தப் பாவம் என்னுடையது.

ஏன் செய்தேன் என்று கேட்பீர்கள். ஒருநாள் மத்தியானம் குட்டி படியில் சறுக்கி விழுந்து "அப்பா" என்று அலறினாள். மெஷின் அப்போது ஓடவில்லை. நீங்கள் நாலடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு, கம்பியை அளந்துகொண்டிருந்தீர்கள். நான் மேலேயிருந்து ஓடிவந்து தூக்கும்வரை நீங்கள் திரும்பவில்லை. அடி பெரிதில்லை. ஆனால் "அப்பாவுக்கு எம்மேல என்ன கோவம்?" என்று குழந்தை கேட்டாள். காதுமூடி வாங்கித் தந்தேன், ஆணியில் மாட்டி வைத்தீர்கள். டாக்டரிடம் போகலாம் என்றால், "ஏன், எனக்கென்ன செவிடா?" என்று எரிந்து விழுந்தீர்கள். நான் சொன்னால் எடுபடாது, அரசாங்கம் சொன்னால் எடுபடும் என்று என் புத்திக்குத் தோன்றிற்று. ஒரு எச்சரிக்கை வரும், பயந்துபோய்ச் சத்தம் வெளியே போகாமல் சுவருக்கு ரப்பர் அடிப்பீர்கள், காதை மூடிக்கொள்வீர்கள் என்று நினைத்தேன். படிவத்தில் கட்டடம் எந்த வகை என்று கேட்டிருந்தது. வீடு என்று எழுதினேன். கீழே நீங்கள், மேலே நான். அதைக் கடை என்று பிரித்து எழுத எனக்குத் தோன்றவே இல்லை.

மேல்முறையீடு செய்யலாம் என்று மீட்டர்காரர் அன்றைக்கே சொன்னார். நீங்கள்தான், "தெருவே என்னை வேணாங்குது, எதுக்கு மல்லுக்கட்டணும்" என்று உதறிவிட்டுக் கடல் தாண்டிப் போய்விட்டீர்கள். தெரு வேண்டாம் என்று சொல்லவே இல்லை. அங்கே வேலை செய்யும் இடத்தில் காதுமூடி மாட்டாமல் உள்ளேயே விடமாட்டார்களாமே! ஊர் பேர் தெரியாத மேஸ்திரி சொன்னால் மாட்டிக்கொள்கிறீர்கள். இதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, ஆத்திரமும் வருகிறது.

நேற்று டீச்சர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டி அழுதேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. "வரி கட்டப் போனப்ப அந்த ஆபீஸ் வரிசையில நீ நின்னதைப் பாத்தேனே" என்றார். பிறகு ஏன் உங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "எங்கிட்ட அவர் பேசாட்டிப் பரவாயில்ல. நீ அவரோட குடும்பம் நடத்தணுமில்ல" என்றார். அந்த மனுஷிக்கு நாம் இரண்டு பேரும் சேர்ந்து போய் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

திருத்திய படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். நகல் இத்துடன் இருக்கிறது. எப்படியும் என் பெயரை அதில் பார்ப்பீர்கள், அதற்கு முன் என் எழுத்திலேயே தெரியட்டும் என்றுதான் இத்தனையும். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறுவரை மெஷின் ஓட்டலாம், சுவருக்கு ரப்பர் அடிக்க வேண்டும். பட்டறைக்காரர் அடுத்த மாதக் கடைசிக்குள் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். வராவிட்டால் மறுபடியும் வீடு என்றே பதிந்துவிடுவார்கள்.

என்மேல் கோபப்படுங்கள். பேசாமலும் இருங்கள், அதற்கு நான் தகுதியானவள்தான். ஆனால் அத்தனை தூரத்தில் இருந்துகொண்டு பேசாமல் இருக்காதீர்கள். இங்கே வந்து, என் எதிரில் உட்கார்ந்து பேசாமல் இருங்கள். மனசு ஆறி எப்போதாவது நான் சொல்வதைக் கேட்கலாம் என்று தோன்றினால், உங்கள் இடது பக்கமாக வந்து உட்காருகிறேன். அந்தக் காதில்தான் உங்களுக்கு இன்னும் கொஞ்சம் கேட்கிறது. நீங்கள் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

வழி பார்த்திருக்கும்,
உங்கள் மனைவி