கரையில் தண்டவாளக்காரர்கள்

கிள்ளான்
பங்குனி 12

அன்புள்ள சிவகாமிக்கு,

உறையின் மேல் அப்பாவின் கையெழுத்து இல்லையே என்று பயந்துவிடாதே, அவர் நலமாக இருக்கிறார், நானும் இருக்கிறேன், ரங்கூனில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். கூப்பிடாத வீட்டுக்குள் நுழைகிற மாதிரி நான் எழுதுவதை மன்னித்துக்கொள். உனக்குச் சின்னம்மாவாக வந்து மூன்று வருஷமாகியும் ஒரு வரி எழுதியதில்லை, அப்பா கடிதத்தின் அடியில் என் விசாரிப்பும் போகிறதே, அது போதும் என்று கூச்சத்தில் இருந்துவிட்டேன். இப்போது அவர் கண்ணைப் புரை மறைத்துவிட்டது, இன்னும் முற்றினால்தான் அறுக்கலாம் என்கிறார் டாக்டர்.

போன ஞாயிறு ரயிலேறி, முன்பு நீயும் அப்பாவும் பங்குனிதோறும் பறவை பார்க்கப் போன போர்ட் சுவெட்டன்ஹாம் சேற்றுக்கரைக்கு அவரைக் கைப்பிடித்துக் கூட்டிப்போனேன். வடக்கே கிளம்புமுன் அவை வயிறு நிரப்பிக்கொள்ளும் நேரம், தண்ணீர் ஏற ஏற எங்கள் பக்கமாக ஒதுங்கி வந்தன. வளைந்த நீள அலகோடு ஒன்று தனியாக நடக்கிறது என்றேன். அட, ஸ்டேஷன் மாஸ்டர் என்று சிரித்தார். இந்த வீட்டில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை. பிறகு, தண்டவாளக்காரங்க வந்துட்டாங்களா பாரு என்றார். ரயில்வேயில் இருந்தவர் வைத்த பெயர் என்று புரிந்தது, எந்தப் பறவை என்று தெரியவில்லை. கேட்கத் தயங்கி, வந்துவிட்டன, நிறைய நிற்கின்றன என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் காது கொடுத்துவிட்டு, அதுங்க வந்தா இப்படிச் சும்மாவா இருக்கும், வா போவோம் என்றார். கோபமில்லை. ஆனால் அதிலிருந்து கரைப் பேச்சையே எடுப்பதில்லை. சாயங்காலம் நான் பேப்பர் வாசிக்கிறேன், அவர் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்திருக்கிறார். பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்த உன் நல்லம்மாள் அத்தை இதைக் கேட்டுவிட்டு, பி.ஏ. படிச்சவளுக்கு ஒரு குருவி பேரு தெரியலையாக்கும் என்று வாசல்வரை சிரித்துக்கொண்டே போனார். எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான்தான், அந்தப் பெயர்களை எந்தக் கல்லூரியில் போய்ப் படிப்பேன்? நேற்று நான் மட்டும் கரைக்குப் போய் நின்றேன். எல்லாமே பெயரில்லாத பறவைகளாகத்தான் தெரிந்தன.

உனக்கு மாதம் ஏறுகிறது, குடம் தூக்காதே, மழையில் நனையாதே. ஆசீர்வாதம் சொல்ல நான் உன்னைவிட நாலு வயதுதான் மூத்தவள், ஆனாலும் சொல்கிறேன், நிறைவாக இரு. அப்பாவுக்கு எழுத மறக்காதே, நான் வாசித்து முடித்ததும் தாளை வாங்கி விரலால் தடவிப் பார்க்கிறார்.

கேட்க வந்ததைக் கடைசியில்தான் கேட்கிறேன். தண்டவாளக்காரர்கள் எப்படி இருக்கும், என்ன சத்தம் போடும், மற்றவற்றை என்னென்ன சொல்லி அழைப்பீர்கள், எனக்கென்று தனியாக எழுதி அனுப்பு. சித்திரையில் அவை போய்விடுவதற்குள் அவரை இன்னொரு முறை கூட்டிப்போக வேண்டும்.

சின்னம்மா
சந்திரகலா